தேய்ந்த விருப்பம்

செர்போ-குரோஷிய மொழியில் ‘விரும்பு’ என்று பொருள்படும் வினை ஒன்று இருக்கிறது. பெல்கிரேடில் அது ஹ்தெத்தி. ஸாக்ரெபிலும் சரயேவோவிலும் ஹ்த்யெத்தி. நிகழ்காலத்தில் ஹொச்சு, ஹொச்செஷ், ஹொச்செ, ஹொச்செமொ, ஹொச்செதெ, ஹொச்செ என்று திரியும். விரும்புகிறேன், விரும்புகிறாய், விரும்புகிறான், விரும்புகிறோம், விரும்புகிறீர்கள், விரும்புகிறார்கள். குழந்தை மிட்டாய்க்கு அடம்பிடிப்பதும் இந்தச் சொல்லால்தான், ஊர்வலத்தில் போகிறவர்கள் உரிமை கேட்பதும் இதனால்தான். ஒழுங்கில்லாத வினை என்று இலக்கண நூல்கள் இதைத் தனிப்பட்டியலில் வைத்திருக்கும். மனப்பாடம் செய்துவிட்டு மாணவர்கள் நகர்ந்துவிடுவார்கள். ஆனால் இந்த வினைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த மொழியின் எதிர்காலம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஹொச்சுவின் முதல் அசை உதிர்ந்தால் மிஞ்சுவது ச்சு. அதேபோல ச்செஷ், ச்செ, ச்செமொ, ச்செதெ, ச்செ. இந்த மிச்சங்களுக்குத் தமக்கென அழுத்தம் இல்லை. தனியாக நிற்கவோ வாக்கியத்தைத் தொடங்கவோ இவற்றால் ஆகாது. முன்னால் வரும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு இரண்டாம் இடத்தில் அமர்ந்துகொள்ளும். தொச்சி என்றால் வருதல். ‘தொச்சி ச்சு’ என்றால் வருவேன். ‘சூத்ரா ச்சு தொச்சி’ என்றால் நாளை வருவேன். வேரைப் பிடித்துப் போனால் ‘வர விரும்புகிறேன்’ என்பதுதான் தேய்ந்து தேய்ந்து ‘வருவேன்’ ஆகியிருக்கிறது. பேசுகிறவர்கள் யாரும் இன்று அப்படி உணர்வதில்லை. மாலையில் மழை வரும் என்று சொல்கிறவர் மழைக்கு ஒரு ஆசை இருப்பதாக நினைத்துச் சொல்வதில்லை. விருப்பம் ஓசையாக மட்டும் எஞ்சி, காலத்தைக் காட்டும் கருவியாகிவிட்டது. அந்த வினையையே எதிர்காலத்தில் சொல்லவேண்டி வந்தால் வேடிக்கை இன்னும் தெளிவாகத் தெரியும். ‘விரும்புவேன்’ என்பதற்கு ஹ்தெச்சு. முழு விருப்பத்தின் வாலில் தேய்ந்த விருப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே சொல் தன்னையே சுமக்கிறது.

ஸ்லாவிய மொழிகள் எல்லாம் இப்படிச் செய்வதில்லை. ரஷ்யன், போலிஷ், செக் மூன்றும் எதிர்காலத்துக்கு ‘இரு’, ‘ஆகு’ என்ற பொருளுள்ள வினையைத் துணைக்கு அழைக்கின்றன. பக்கத்து வீடான ஸ்லொவேனியனும் அப்படியே. அதில் ஹொச்செம் என்று விரும்பலாம். ஆனால் நாளையைச் சொல்ல வேறு வினை வேண்டும். தெற்கே இறங்க இறங்கத்தான் விருப்பம் எதிர்காலமாகிறது. பல்கேரியன், மாசிடோனியன் ஆகியவற்றின் எதிர்காலத் துகள்கள் இதே வேரிலிருந்து வந்தவை. ஸ்லாவியக் குடும்பத்துக்கே சம்பந்தமில்லாத கிரேக்கத்தின் ‘தா’ என்ற எதிர்காலத் துகளும் அந்த மொழியின் ‘விரும்பு’ வினையிலிருந்து சுருங்கியதுதான். அல்பேனிய மொழியின் தென்வழக்கிலும் ருமேனியனிலும் இதே கதை. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் பல நூற்றாண்டுகள் ஒரே சந்தையில், ஒரே மேய்ச்சல் நிலத்தில் புழங்கியதால் இலக்கணத்தைப் பங்கிட்டுக்கொண்டன. இதை மொழியியலாளர்கள் பால்கன் மொழிவட்டம் என்று அழைக்கிறார்கள். அரசியல் வரைபடத்தில் எவ்வளவோ கோடுகள் அழிந்து மறுபடி வரையப்பட்ட நிலப்பகுதி அது. இந்த இலக்கணக் கோடு அவற்றில் எதனோடும் பொருந்திப் போவதில்லை.

செர்பியாவுக்குள்ளேயே தென்கிழக்கில், பிரோத், லெஸ்கோவாட்ஸ், வ்ரான்யே பக்கம் போனால் ச்செ திரிவதைக்கூட நிறுத்திவிடுகிறது. நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் ஒரே ச்செ. அடுத்து வரும் வினைதான் யார் என்று காட்டும். அங்கே வினையெச்சம் போன்ற வடிவமும் கழன்றுவிட்டது. அந்தக் கழற்சியின் சாயல் பெல்கிரேட் வரைக்கும் எட்டியிருக்கிறது. ‘போக விரும்புகிறேன்’ என்பதை பெல்கிரேட்காரர் ‘ஹொச்சு தா இதெம்’ என்பார். பிரித்தால் ‘விரும்புகிறேன், நான் போக’ என்பது போல இரண்டு முற்றுவினைகள். ஸாக்ரெப்காரர் வினையெச்சத்தை விடமாட்டார்: ‘ஹொச்சு இச்சி’. எதிர்காலத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. இரண்டையும் இரு பக்கத்தாரும் புரிந்துகொள்வார்கள். யார் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவும் இதுவே போதும்.

வடமேற்கு ஓரத்தில் இன்னொரு வியப்பு. ஸாக்ரெபைச் சுற்றியுள்ள கய்காவிய வழக்கில் ச்சு கிடையாது. அங்கே பாட்டிமார் பேச்சில் ‘பும்’ என்ற துணைவினை எதிர்காலத்தைச் சொல்லும்; அது ‘இரு’ வினையிலிருந்து வந்தது, ஸ்லொவேனியனின் உறவு. 1830களில் இல்லிரிய இயக்கத்தை நடத்திய லுதெவிட் கய் பிறந்த க்ராபினாவும் கய்காவியப் பகுதிதான். தென்ஸ்லாவியர்கள் எல்லோரும் ஒரு எழுத்துமொழியில் கூடவேண்டும் என்ற ஆசையில் அவரும் அவருடைய தோழர்களும் தங்கள் ஊர்ப் பேச்சை ஒதுக்கிவிட்டு, பரந்த நிலப்பரப்பில் பேசப்பட்ட ஷ்தொகாவியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1835இல் கய் தொடங்கிய இதழ் அடுத்த ஆண்டே மொழியை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றத்தில் ‘பும்’ வெளியே போய் ‘ச்சு’ உள்ளே வந்தது. ஒரு தலைமுறைப் படிப்பாளிகள் தங்கள் எதிர்காலத்தைச் சொல்லும் துணைவினையையே மனமறிந்து மாற்றிக்கொண்ட நிகழ்ச்சி அது. யாரும் வற்புறுத்தவில்லை; அவர்கள் விரும்பினார்கள்.

இந்த வினையின் எழுத்துக்கூட்டல் கதையை அறிய வூக் கராஜிச்சிடம் போகவேண்டும். செர்பியப் பேச்சுமொழியை எழுத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். பேசுவதைப் போலவே எழுது என்பது அவர் பிடித்த கொள்கை. 1818இல் வியன்னாவில் அவர் வெளியிட்ட அகராதியில் ‘ஹ’ என்ற எழுத்தே இல்லை, அவர் வளர்ந்த ஊரில் அந்த ஒலி இல்லை என்பதால். அந்தப் பேச்சில் ஹொச்சு வெறும் ஒச்சுதான். இன்றும் தெருவில் காது கொடுத்தால் அதிகம் கேட்பது ஒச்சுதான். துப்ரோவ்னிக்கிலும் மாண்டினீக்ரோ கரையிலும் மக்கள் ‘ஹ’வை உச்சரிப்பதைக் கேட்ட பிறகு, 1836இல் செத்தின்யேயில் அச்சான பழமொழித் தொகுப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார். 1850இல் எட்டுப் பேர் வியன்னாவில் கூடிக் கையெழுத்திட்ட மொழி உடன்பாட்டில், ‘ஹ’ வேர்ப்படி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் எழுதப்பட வேண்டும் என்பதும் ஒரு விதி. ஆக, விருப்பத்தின் முதல் எழுத்து ஒப்பந்தம் போட்டு மீட்கப்பட்டது. அந்த ஒலியை ஊன்றிப் பேசிவந்தவர்களில் பொஸ்னிய முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். மற்றவர்கள் ‘ஹ’ இல்லாமல் சொல்லும் சில சொற்களை அவர்கள் இன்றும் ‘ஹ’வோடு எழுதுகிறார்கள், அது அவர்களுடைய மொழியின் அடையாளங்களில் ஒன்றாகியிருக்கிறது.

‘பேசுவதைப் போல எழுது’ என்ற விதி எதிர்காலத்தின்மேலும் இறங்கியது. ராதித்தி என்றால் வேலை செய்தல். வேலை செய்வேன் என்பதை இரு பக்கத்தாரும் வாயால் ராதிச்சு என்றுதான் சொல்கிறார்கள். இடையிலுள்ள ‘த்’ ச்சுவோடு கலந்து மறைந்துவிடும். செர்பியர்கள் கேட்டபடியே ஒரே சொல்லாக ராதிச்சு என்று எழுதினார்கள். குரோஷியர்கள் வினையின் உருவம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று ராதித் ச்சு எனப் பிரித்து எழுதினார்கள். படிக்கும்போது இரண்டும் ஒன்று. பத்திரிகையின் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தால், எந்த நாட்டில் அச்சானது என்று முதல் எதிர்கால வினையிலேயே சொல்லிவிடலாம். அதையே உரக்கப் படிக்கக் கேட்டால் இந்த வினையை வைத்துச் சொல்ல முடியாது. ‘ச்சி’யில் முடியும் வினைகளில் தாளில் உள்ள வேறுபாடும் இல்லாமல் போகிறது. ‘தொச்சி ச்சு’ எங்கும் இரண்டு சொற்கள்தான். வருவேன், போவேன், முடியும் என்பவை எல்லைக்கு இருபுறமும் ஒரே மாதிரி எழுதப்படுகின்றன.

எ, யெ பேதமும் அப்படிப்பட்டதுதான். பழைய ஸ்லாவிய உயிரொலி ஒன்று கிழக்கே ‘எ’ ஆகவும், மேற்கிலும் தெற்கிலும் ‘யெ’ அல்லது ‘இயெ’ ஆகவும், தல்மாசியக் கரையில் ‘இ’ ஆகவும் மாறியது. விரும்பினான் என்பது பெல்கிரேடில் ஹ்தெயோ, சரயேவோவில் ஹ்தியோ. இதை மத எல்லை என்றோ இன எல்லை என்றோ சொல்லிவிட முடியாது. பொஸ்னியாவின் செர்பியரும் ஹ்தியோ என்றே சொல்வார்கள், மாண்டினீக்ரோவிலும் அப்படியே. இவோ ஆந்த்ரிச் த்ராவ்னிக் அருகே பிறந்து ‘யெ’ வழக்கில் எழுதத் தொடங்கியவர். பெல்கிரேடுக்குப் போன பிறகு ‘எ’ வழக்குக்கு மாறினார். 1945இல் வெளிவந்த அவருடைய த்ரினா நதிப் பால நாவலில் கதைசொல்லி ஒரு வழக்கிலும் விஷெக்ராத் ஊர் மக்கள் இன்னொரு வழக்கிலும் பேசுகிறார்கள். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு விருப்பங்கள், இரண்டும் ஒரே கையெழுத்தில். 1961இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு, பின்னாளில், அவர் யாருடைய எழுத்தாளர் என்று மூன்று தலைநகரங்கள் வாதாடின.

இந்த வினையின் ஜீவன் எதிர்மறையில் இருக்கிறது. அந்த மொழியில் ‘இல்லை’ என்பதைக் காட்டும் ‘நெ’ பொதுவாக வினையிலிருந்து விலகியே எழுதப்படும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில வினைகளோடுதான் அது ஒட்டும். அவற்றில் ஒன்று நேச்சு. விரும்பவில்லை என்பதும் நேச்சு. செய்ய மாட்டேன் என்பதும் நேச்சு. பழைய குரோஷிய நூல்களில் ‘நெ ச்சு’ என்று பிரித்து அச்சிடுவார்கள். நடுவில் ஒரு இடைவெளி வேண்டுமா வேண்டாமா என்பது பின்னாளில் தேசப்பற்றின் அளவுகோலாகிவிட்டது. பேச்சில் இந்தப் பூசல் எட்டிப்பார்ப்பதில்லை. அங்கே நேச்சு உயிருள்ளவற்றுக்கு மட்டும் உரியதும் அன்று. ஓடாத காரும் நேச்செ, அசையாத பூட்டும் நேச்செ. இடி காஞ்சொறியில் விழாது என்று ஒரு பழமொழி. ஒன்றுக்கும் உதவாதவனுக்கு ஒரு கேடும் வராது என்று அர்த்தம். அந்தப் பழமொழியில் ‘விழு’ என்ற வினையே இல்லை. ‘இடி நேச்செ காஞ்சொறிக்குள்’ என்று விருப்பமின்மை மட்டும் நிற்கும். சகுனம் கெட்ட நாளில் ‘கத் நேச்செ, நேச்செ’ என்பார்கள்: ஆகாது என்றால் ஆகாது. யாருக்கு விருப்பமில்லை என்று கேட்டால் விடை கிடையாது. தேய்ந்த வடிவமும் சில இடங்களில் தனியே வினைபோல் உழைக்கும். ‘ஷ்தா ச்செஷ்’ என்று தோளைக் குலுக்கினால், ‘என்ன பண்றது, சொல்லு’ என்று பொருள். விருப்பத்தைக் கைவிட்டவர் சொல்லும் சொல்லிலும் விருப்பம்தான் வினை.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். நம்முடைய ‘வருவேன்’ விருப்பத்திலிருந்து வந்ததன்று. ஆனால் அதன் எதிர்மறையான ‘வர மாட்டேன்’ என்பதைப் பாருங்கள். மாட்டு என்பதன் பழைய பொருள் இயலுதல். இயலாது என்பதுதான் நாளடைவில் மறுப்பாக மாறியது. கதவு திறக்க மாட்டேங்குது என்று கதவின்மேலும் அந்த மறுப்பை நாம் ஏற்றிப் பேசுகிறோம். இனி விலக்குதலைப் பார்ப்போம். ‘போக வேண்டாம்’ என்று ஒருவரைத் தடுக்கும்போது நாம் எடுப்பது விருப்பத்தைச் சொல்லும் வேண்டு என்ற வினையை. செர்போ-குரோஷியத்தில் இது அப்படியே மாறி நிற்கிறது. போக மாட்டேன் என்பது ‘நேச்சு இச்சி’. அது விருப்பத்தின் எதிர்மறை. போக வேண்டாம் என்பது ‘நெமொய் இச்சி’. அந்த நெமொய், இயலுதலைக் குறிக்கும் மொச்சி என்ற வினையின் பழைய ஏவல் எதிர்மறையான ‘நெ மொஸி’ சுருங்கியது. ‘இயலாதிரு’ என்று தடுக்கிறார்கள் அவர்கள். ‘விரும்பாதே’ என்பதைப் போலத் தடுக்கிறோம் நாம். இயலவில்லை என்று மறுக்கிறோம் நாம். விரும்பவில்லை என்று மறுக்கிறார்கள் அவர்கள். ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத இரண்டு மொழிகள், இயலுதல், விரும்புதல் என்ற அதே இரண்டு வினைகளை எடுத்து, குறுக்குமறுக்காகப் பொருத்தியிருக்கின்றன.

இயலுதலும் விரும்புதலும் அந்த மொழியில் இன்னொரு விதத்திலும் இரட்டையர். நிகழ்காலத் தன்மை ஒருமையில் ஏறக்குறைய எல்லா வினைகளும் ‘ம்’ என்று முடியும்: வேலை செய்கிறேன் ராதிம், போகிறேன் இதெம், அறிகிறேன் ஸ்னாம். ஒரு காலத்தில் பெரும்பாலான வினைகள் ‘உ’ என்றுதான் முடிந்தன. சில வினைகளிலிருந்து கிளம்பிய ‘ம்’ நூற்றாண்டுகளில் மற்றவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டது. இன்றைய பொதுமொழியில் பழைய ‘உ’வை விடாமல் வைத்திருப்பவை இரண்டே வினைகள்: மொகு, ஹொச்சு. என்னால் முடியும், நான் விரும்புகிறேன். அடிக்கடி புழங்கும் வினைகள் பழமையைக் காப்பாற்றும் என்று மொழியியல் இதற்குக் காரணம் சொல்லும். அந்த விளக்கமே போதுமானது. தன்னைப் பற்றிப் பேசும்போது மனிதன் எந்த இரண்டை அதிகம் சொல்லியிருக்கிறான் என்பதும் அந்த விளக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

விருப்பம் எப்போதும் எழுவாயின் ஆட்சியில் இருப்பதும் இல்லை. தூக்கம் வரும்போது அவர்கள் ‘ஸ்பாவா மி செ’ என்பார்கள். ‘எனக்கு’ என்ற நான்காம் வேற்றுமையில் மனிதன் ஒதுங்கி நிற்க, தூக்கம் தானாக நிகழும். நம்முடைய ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்பதன் அதே அமைப்பு. திடீரென்று ஒரு ஆசை பற்றிக்கொண்டால் ஹ்தெத்தி என்ற இதே வேர் ஒரு முன்னொட்டோடு ‘ப்ரோஹ்தேலோ மி செ’ என்று நான்காம் வேற்றுமைக்கு மாறிக்கொள்ளும். அங்கே ஆசைக்கு நான் பொறுப்பாளி இல்லை. அது எனக்கு நேர்ந்தது. ஹொச்சு அப்படி இல்லை. எழுவாய் நேராக முன்னால் வந்து நிற்கவேண்டும். அதனால்தான் கடையில் ‘ஹொச்சு’ என்பது கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்கும். நயமாகப் பேசுகிறவர்கள் ‘ஹ்தெயோ பிஹ்’, பெண்ணானால் ‘ஹ்தேலா பிஹ்’, அதாவது ‘விரும்புவேனாக்கும்’ என்ற சாயலில் இறங்கிவருவார்கள். இறந்தகாலத்திலும் இந்த மரியாதை வடிவத்திலும் விரும்புகிறவர் ஆணா பெண்ணா என்பதை வினை காட்டிக்கொடுக்கும். நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் காட்டாது.

படர்க்கையில் ஒரு சங்கதி இருக்கிறது. மற்ற வினைகளில் அவன் ஒரு விதமாகவும் அவர்கள் வேறு விதமாகவும் முடிவார்கள்: ராதி என்றால் அவன் வேலை செய்கிறான், ராதே என்றால் அவர்கள். ஹ்தெத்தியில் இரண்டும் ஹொச்செ. எதிர்காலத்திலும் இரண்டும் ச்செ. எழுவாயை விட்டுவிட்டால், விரும்புவது ஒருவனா ஒரு கூட்டமா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. இதை அந்த மொழி பேசப்பட்ட யூகோஸ்லாவியாவின் அரசியலுக்கு உவமை என்று சொல்லிவிட எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் 1988ஐ நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அந்த ஆண்டு செர்பியத் தலைவர் மிலோஷெவிச்சை ஆதரித்து வோய்வோதினாவிலும் செர்பியாவெங்கும் பெருந்திரள் கூட்டங்கள் நடந்தன. அவற்றைக் குறிக்க ஒரு தொடர் பிறந்தது: ‘தொகோதியோ செ நாரொத்’, மக்கள் நிகழ்ந்துவிட்டார்கள். கவனித்தால், அதில் விரும்பு இல்லை. மழை நிகழ்வதைப் போல, பூகம்பம் நிகழ்வதைப் போல, மக்கள் நிகழ்ந்தார்கள். பேருந்துகளை ஏற்பாடு செய்தவர்களும் மேடைகளைக் கட்டியவர்களும் அந்த வினைக்குள் காணாமல் போனார்கள். ஒருவனுடைய விருப்பம் எல்லோருடைய விருப்பமாகி, எல்லோருடைய விருப்பம் இயற்கை நிகழ்ச்சியாகிவிட்டது.

மூன்று ஆண்டுகளில் அந்த நிகழ்ச்சி போராக வந்தது. 1991 இலையுதிர்காலத்தில் குரோஷியப் போர்முனைக்கு ரிசர்வ் வீரர்கள் திரட்டப்பட்டபோது செர்பியாவிலேயே ஏராளமான இளைஞர்கள் வீடு மாறி வீடு ஒளிந்தார்கள், நாட்டை விட்டுப் போனார்கள். செப்டம்பரில் ஒருவர் வுகோவார் முனையிலிருந்து கவசவண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பெல்கிரேடில் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் முன்னால் நிறுத்தினார். அதே செப்டம்பரில், எல்லையோர ஊரான ஷீத்தில், கோர்னி மிலானோவாட்ஸ் பகுதியிலிருந்து வந்த ரிசர்வ் வீரர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். போருக்குப் போகச் சம்மதித்தவர்கள் ஒரு பக்கம், மறுத்து ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் இன்னொரு பக்கம். ஒருவர் இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நின்று தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஹொச்சு, நேச்சு என்ற இரண்டு வடிவங்களைக் காட்டி அவருடைய மனத்தை விளக்கப் புகுவது அவரை அவமதிப்பதாகும். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அன்றைக்குப் போர் ‘வரும்’ என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளை நிறுத்திக் கேட்கும்போது மட்டும், வருவது என்ற அந்த ஒன்று, நீ விரும்புகிறாயா என்று மாறவேண்டியிருந்தது.

இது வெறும் உருவகப் பேச்சன்று, இலக்கணத்தில் உள்ளது. ‘தொச்சி ச்செஷ்’, நீ வருவாய். இதைக் கேள்வியாக்க ஒரு வழி, முழு வடிவத்தை முன்னால் கொண்டுவருவது: ‘ஹொச்செஷ் லி தொச்சி?’ வருவாயா என்றும் வர விருப்பமா என்றும் ஒரே நேரத்தில் கேட்கும் கேள்வி அது. பெல்கிரேடில் இதற்கு மாற்று உண்டு. ‘தா லி’ என்று தொடங்கினால் தேய்ந்த ச்செஷ்ஷையே வைத்துக் கேட்டுவிடலாம், விருப்பத்தைத் தொடவேண்டியதில்லை. விடை சொல்பவருக்கு அந்தச் சலுகை குறைவு. ‘தா’, அதாவது ஆம், என்று முடித்துக்கொள்ளலாம். வினையால் விடை சொல்வதென்றால் ச்சு உதவாது. தனித்து நிற்க அதனால் முடியாதே. ‘ஹொச்சு’ என்று முழுதாகச் சொல்லவேண்டும், இல்லையென்றால் ‘நேச்சு’. கூற்றில் உதிர்ந்த முதல் அசை விடையில் திரும்பி வந்துவிடுகிறது. நூற்றாண்டுகளாகத் தேய்ந்தும் அந்த விருப்பம் ஒழிந்துவிடவில்லை; யாராவது முகத்துக்கு நேரே கேட்டால் எழுந்து நிற்கிறது.

இதிலிருந்து அந்த மக்களின் மனத்தைக் கறந்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தின் எதிர்காலமும் விரும்புதலைக் குறித்த பழைய வினையிலிருந்து வந்ததுதான். கிரேக்கர்களும் அப்படியே பேசுகிறார்கள். இலக்கணம் போரைத் தொடங்குவதில்லை, நிறுத்துவதும் இல்லை. அது செய்வது சிறிய காரியம். பேசுகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் சில கருவிகளை வைத்துவிட்டுப் போகிறது. எடுப்பதும் விடுவதும் நம் பாடு. மொழியை வைத்து அரசியல் செய்தவர்கள் பெரும்பாலும் எடுத்தது வேறு கருவிகளை: ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா, ஹ்தெயோவா ஹ்தியோவா. 1999இல் செர்பியப் படமான ‘ரானெ’ ஸாக்ரெப் திரையரங்குகளுக்கு வந்தபோது அதற்குக் குரோஷிய வசனவரிகள் போட்டார்கள். பேசுவதையே கீழே சற்று மாற்றிப் படித்த மக்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த அறிக்கையையும் விட நல்ல மொழியியல்.

மொழிக்கே இப்போது எதிர்காலக் கேள்வி இருக்கிறது. 1850இல் வியன்னாவில் ஒன்றாகலாம் என்றார்கள். 1880இல் ஸாக்ரெபில் த்யூரோ தானிச்சிச் என்ற செர்பியர் தொடங்கிய பேரகராதி 1976இல்தான் முடிந்தது. அதன் தலைப்பில் மொழியின் பெயர் ‘குரோஷியம் அல்லது செர்பியம்’. 1954இல் நோவி சாத்தில் கூடிப் பத்து முடிவுகள் எடுத்தார்கள். 1960இல் இருசாராரும் சேர்ந்து ஒரு எழுத்திலக்கணம் வெளியிட்டார்கள். 1967இல் குரோஷியக் கல்வி நிறுவனங்கள் தங்கள் மொழிக்குத் தனிப்பெயரும் தகுதியும் வேண்டும் என்று அறிவித்தன. மூத்த எழுத்தாளர் மிரோஸ்லாவ் க்ர்லெழா அதில் கையெழுத்திட்டார். நாடு உடைந்த பிறகு நான்கு பெயர்கள்: செர்பியன், குரோஷியன், பொஸ்னியன், மாண்டினீக்ரோவியன். ஹேக்கில் போர்க்குற்ற வழக்குகளை நடத்திய தீர்ப்பாயம் பெயர்ச் சண்டையில் இறங்காமல் முதலெழுத்துகளைச் சாய்கோடு போட்டு அடுக்கிக்கொண்டது. 2017 மார்ச்சில் சரயேவோவில் எழுத்தாளர்களும் மொழியியலாளர்களும் பொதுமொழிப் பிரகடனம் வெளியிட்டார்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும், இது பல மையங்கள் கொண்ட ஒரே மொழி என்பது அதன் சாரம். தேசத்துரோகம் என்று சிலர் கொதித்தார்கள், தெரிந்ததுதானே என்று சிலர் கொட்டாவி விட்டார்கள்.

நான்கு இலக்கண நூல்களிலும் நம்முடைய வினையைத் தேடினால் நிகழ்காலப் பத்தி ஒரு எழுத்தும் மாறாமல் இருக்கும். ஹொச்சு, ஹொச்செஷ், ஹொச்செ. அதைக்கொண்டு மொழி ஒன்றுதான் என்று நிறுவிவிடவும் முடியாது. பிரிந்து போக விரும்புகிறவர்களும் அந்த விருப்பத்தை அதே வினையால்தான் சொல்கிறார்கள். சண்டை இலக்கணத்தைப் பற்றியதாக இருந்ததே இல்லை. ‘இனி ஒன்றாக இருக்க முடியாது’, ‘கடைசியில் எல்லாம் ஒன்றாகிவிடும்’ என்று இரு தரப்பாரும் படர்க்கையில், எழுவாய் சொல்லாமல், தேய்ந்த வடிவத்தில் ஆரூடம் சொல்கிறார்கள். அந்த மொழியில் வளர்ந்த எவரும் அவர்களைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் புதிய தத்துவம் எதுவும் வேண்டாம். உதிர்ந்த அசையை மறுபடி சேர்த்து, வரும் வரும் என்கிறீர்களே, வேண்டும் என்பது யார், ஹொச்சு என்று உங்கள் பெயரில் சொல்வீர்களா என்று கேட்டால் போதும்.